டிஜிட்டல் கேமை விற்க வழி உண்டா? ஆன்லைன் ஆர்பிஜியில் இறங்கும் முன் என்ன பார்க்கணும்?

எஜிபுரா_எழில்:

வணக்கம் நண்பர்களே. ரெண்டு கேள்வி இருக்கு. ரெண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: போட்ட பணம் எங்கே போகுது?

முதல் கேள்வி. கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கி, முடித்துவிட்டு மறுபடி தொடாத கேம்கள் நிறைய இருக்கு. பிஎஸ்5-லும் டிஜிட்டலாக வாங்கியவை சும்மா கிடக்குது. அவற்றை விற்கவோ ஊரில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்கவோ முறையான வழி இருக்கா? ஓஎல்எக்ஸிலும் டெலிகிராம் குழுக்களிலும் "பிரைமரி அக்கவுண்ட்", "ஆஃப்லைன் ஆக்டிவேஷன்" என்று பாதி விலைக்கும் கீழே விற்கிறாங்க. அது எப்படி நடக்குது, நம்பலாமா?

இரண்டாவது. ஒரு எம்எம்ஓ ஆர்பிஜியில் (நிறைய பேர் ஒரே ஆன்லைன் உலகில் கேரக்டர் வளர்த்து ஆடும் கேம்) நீண்ட காலத்துக்கு இறங்க ஆசை. ஃபைனல் ஃபேன்டஸி 14, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், கில்டு வார்ஸ் 2, ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப், ஈவ் ஆன்லைன், இவற்றில் எது பெங்களூரிலிருந்து ஒழுங்காக ஆட முடியும்? சலித்துப்போனால் கேரக்டரை விற்று கொஞ்சமாவது காசு எடுக்க முடியுமா? வேலை முடிந்து வீடு வர ராத்திரி எட்டு மணி ஆகுது, அதையும் கணக்கில் வச்சுச் சொல்லுங்க.

கோரமங்கலா_குமரன்:

எழில், ஸ்டீமில் இருக்கும் ஒரு கேமைத் தனியாகப் பிரித்து விற்க முடியாது. அக்கவுண்டை மொத்தமாக விற்பதை ஸ்டீமின் சந்தாதாரர் ஒப்பந்தமே தடுக்கிறது. நீங்கள் காசு கொடுத்தது ஆடும் உரிமத்துக்கு. அந்த உரிமம் உங்கள் பெயரோடு ஒட்டியது. இதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024-ல் சட்டமே போட்டது (ஏபி 2426, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை). அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் கூடை (கார்ட்) பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. பணம் கட்டும் முன் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

"ஐரோப்பாவில் விற்கலாமாமே" என்று அடிக்கடி ஒரு பேச்சு வரும். அதற்குக் காரணம் 2012 ஜூலையில் வந்த யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் தீர்ப்பு. காலவரையற்ற உரிமமாக விற்ற மென்பொருளை, டவுன்லோடு செய்ததாக இருந்தாலும், மறுவிற்பனை செய்யலாம் என்றது ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம். அதை நம்பி பிரான்சின் யூஎஃப்சி க்யூ ஷ்வாசிர் என்ற நுகர்வோர் அமைப்பு, ஸ்டீமை நடத்தும் வால்வ் மீது வழக்குப் போட்டு, 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றத்தில் ஜெயித்தது. ஆனால் அதே டிசம்பரில் டாம் கேபினட் வழக்கில், மின்நூலுக்கு மறுவிற்பனை உரிமை கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேம் என்பது வெறும் மென்பொருள் இல்லை, அதில் படம், இசை, கதை எல்லாம் சேர்ந்திருக்கிறது என்ற அடிப்படையில் 2022 அக்டோபரில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தீர்ப்பைப் புரட்டியது. 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச நிலை நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அமெரிக்காவில் 2018-ல் ரீடிஜி வழக்கில் பாட்டுக் கோப்புகளுக்கும் இதே கதிதான்.

இனி அந்த டெலிகிராம் சரக்கு. பிளேஸ்டேஷனில் ஓர் அக்கவுண்ட், ஒரு பிஎஸ்5-ல் மட்டும் "கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே"-யை இயக்கலாம். இயக்கிய கன்சோலில் வேறு எந்த அக்கவுண்டில் நுழைந்தாலும் அந்த கேம்கள் ஓடும். விற்பவர் தன் அக்கவுண்டின் இந்த ஒரு இடத்தை உங்களுக்கு "பிரைமரி" என்று விற்கிறார். லாகின் செய்து ஆடும் இடத்தை இன்னொருவருக்கு "செகண்டரி" என்று விற்கிறார். பாஸ்வேர்டும் மின்னஞ்சலும் அவர் கையில்தான். இணையப் பக்கத்திலிருந்து எல்லாக் கன்சோல்களையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீக்கும் வசதி அவருக்கு இருக்கிறது. அவர் அதைச் செய்த அன்று உங்கள் கேம்கள் பூட்டிக்கொள்ளும். புகார் கொடுக்கவும் இடமில்லை, ஏனென்றால் விதியை மீறியதில் நீங்களும் ஒரு தரப்பு.

ஸ்டீமில் "ஆஃப்லைன் ஆக்டிவேஷன்" என்பது ஒரே அக்கவுண்டைப் பல பேருக்குக் காட்டி, உள்ளே நுழைந்து கேமை இறக்கி, பிறகு ஆஃப்லைனில் வைக்கச் சொல்வது. டெனுவோ என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு உள்ள கேம் என்றால் 24 மணி நேரத்தில் ஐந்து கணினிகளுக்கு மேல் திறக்காது. அதனால்தான் "நாளைக்கு முயற்சி பண்ணுங்க" என்று உங்களைக் காக்க வைக்கிறார்கள். விண்டோஸ் அப்டேட் ஆனாலோ, கேமுக்குப் பெரிய பேட்ச் வந்தாலோ மறுபடி அனுமதி வாங்க வேண்டும், மறுபடி அதே வரிசை. முழு அக்கவுண்டை வாங்கினாலும் ஆபத்து தீராது. பழைய உரிமையாளர் முதன்முதலில் பணம் கட்டிய விவரத்தைக் காட்டினால், ஸ்டீம் உதவிப் பிரிவு அக்கவுண்டை அவருக்கே திருப்பித் தரும்.

முறையான வழிகள் மூன்றுதான் எனக்குத் தெரிந்து.

பணம் திரும்பப் பெறுதல்: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் காரணம் கேட்காமல் தருவார்கள். எபிக் என்ற கேம் கடையிலும் ஏறக்குறைய இதே கணக்கு. ஜிஓஜி என்ற கடையில் 30 நாள், ஆடியிருந்தாலும் தருகிறார்கள். அந்த நல்லெண்ணத்தைச் சுரண்டக் கூடாது. பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கியிருக்கவே கூடாது. அதனால் முன்பதிவு செய்தால் தானாக இறங்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

ஸ்டீம் ஃபேமிலி: ஆறு பேர் வரை. ஒருவர் ஒரு கேமை ஆடும்போது மற்றவர் உங்கள் நூலகத்தின் வேறு கேமை ஆடலாம்; ஒரே பிரதியை இருவர் ஒரே நேரத்தில் ஆட முடியாது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு என்பதுதான் விதி, ஆகவே ஊரில் இருக்கும் தம்பி விஷயத்தில் யோசித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெளியேறினால் அந்த இடம் ஓராண்டுக்கு நிரப்ப முடியாமல் கிடக்கும். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: உங்கள் பிரதியில் ஆடும்போது குடும்பத்தில் ஒருவர் ஏமாற்றுக் கருவி போட்டுத் தடை வாங்கினால், அந்த கேமில் உங்களுக்கும் தடை.

ஸ்டீம் மார்க்கெட்டில் ஸ்கின் (கேமுக்குள் இருக்கும் அலங்காரப் பொருள்), கார்டு விற்பது: விற்ற பணம் வாலட்டுக்குத்தான் போகும், வங்கிக்கு வராது. கவுண்டர் ஸ்ட்ரைக் பொருளுக்கு மொத்தம் 15 சதவீதம் கழிவு.

டிஸ்க்_மட்டும்:

குமரன் சொன்னது எல்லாம் சரி. ஆனா எழில் ப்ரோ, விற்கணும்னு நினைக்கிற ஆளு வாங்கும்போதே டிஸ்க் வாங்கணும். வாங்கின பிறகு வழி தேடினா கிடைக்காது.

கணக்கு போட்டுப் பாருங்க. புது டிஸ்க் 5,000 ரூபாய்னு வச்சுக்குவோம். கதை கேம், மூணு வாரத்துல முடிச்சு 3,200-க்குக் கொடுத்தா செலவு 1,800. அதே கேம் டிஜிட்டல்ல 1,800-க்கு இறங்க எப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல காத்திருக்கணும். அதனால சீக்கிரம் முடிக்கிறவங்களுக்கு டிஸ்க் லாபம். ஆறு மாசம் அலமாரியில வச்சுட்டு அப்புறம் விற்கிறவங்களுக்கு லாபமே இல்லை, ஏன்னா அதுக்குள்ள புது டிஸ்க்கே விலை இறங்கியிருக்கும்.

மெஜஸ்டிக் பக்கம் காந்திநகர் நேஷனல் மார்க்கெட்டுல பழைய டிஸ்க் மாத்திக்கிற கடைகள் இருக்கு. கடைக்காரர் விலை எப்பவும் நேரடி விற்பனையை விடக் குறைவாத்தான் இருக்கும்; உடனே காசு, அலைச்சல் இல்லை, அதுக்கான விலை அது. நேரடியா விற்கிறதா இருந்தா மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல பார்த்து, யுபிஐ பணம் உங்க வங்கி ஆப்புல வந்ததை நீங்களே பார்த்துட்டு டிஸ்க்கைக் கொடுங்க. எதிராளி காட்டுற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க.

பழைய டிஸ்க் வாங்கும்போது பார்க்க வேண்டியது:

புளூரேல தரவு இருக்கிற அடுக்கு மேற்பரப்புல இருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்துலதான் இருக்கு. டிவிடில அது 0.6 மில்லிமீட்டர். புளூரே மேல கெட்டியான பூச்சு இருக்கிறதால சின்னச் சின்னக் கோடு விழாது. ஆனா நகம் தடுக்கிற அளவுக்கு ஒரு கீறல் இருந்தா ஆள் அவுட். டிவிடிக்குப் பண்ற மாதிரி மெஷின்ல தேய்க்கிறது, பற்பசை போடுறது எல்லாம் அந்தப் பூச்சையே எடுத்துடும். யாராவது "பாலிஷ் பண்ணிக் கொடுத்திருக்கேன்"னு சொன்னா வாங்காதீங்க. நடு ஓட்டையைச் சுத்தி மயிரிழை விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் நெட்டை அணைச்சுட்டு டிஸ்க்ல இருந்து முழுசா இன்ஸ்டால் பண்ணுங்க. நெட் இருந்தா கன்சோல் பேட்சையும் சேர்த்து இறக்கும், எது டிஸ்க்ல இருந்து வந்ததுன்னு தெரியாமப் போயிடும். பாதி டிஸ்க் கடைசி 10 சதவீதத்துலதான் மாட்டும். அதனால "தொடங்குது, ஓடுது"ன்னு கடையிலேயே திருப்தி ஆகாம, ஒரு நாள் திருப்பித் தர்ற வசதியை பில்லுல எழுதி வாங்குங்க.

டிஎல்சி (கேமுக்குத் தனியா வாங்குற கூடுதல் பகுதி) விஷயம்: கேம் எந்த ரீஜியன் டிஸ்க்கும் ஓடும், ஆனா டிஎல்சி வாங்கணும்னா டிஸ்க்கோட ரீஜியனும் அக்கவுண்டோட ரீஜியனும் ஒத்துப்போகணும். டீலக்ஸ் எடிஷன் பழைய டிஸ்க்குக்குக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. உள்ள இருக்கிற டவுன்லோடு கோடு (code) ஒரே ஒரு தடவைக்குத்தான், முதல் ஆள் பயன்படுத்தியிருப்பார்.

கன்சோல் பக்கம்: 2023 நவம்பர்ல வந்த பிஎஸ்5 ஸ்லிம் டிஜிட்டலுக்கும் பிஎஸ்5 ப்ரோவுக்கும் தனி டிஸ்க் டிரைவ் மாட்டலாம். முதல் தடவை மாட்டும்போது நெட் வேணும். 2020-ல வந்த பழைய டிஜிட்டல் எடிஷனுக்கு மாட்ட முடியாது. ஸ்விட்ச் 2 வாங்குறவங்க பெட்டியோட முன்பக்கம் கீழ சாவிப் படம் இருக்கான்னு பாருங்க. இருந்தா அது கேம்-கீ கார்டு. உள்ள கேம் இல்லை, இறக்கித்தான் ஆடணும். ஆனா கார்டை விற்கலாம், கடன் கொடுக்கலாம். டிஜிட்டலை விட அது எவ்வளவோ மேல்.

எஜிபுரா_எழில்:

ரெண்டு பேருக்கும் நன்றி. என்கிட்ட இருப்பது பழைய டிஜிட்டல் எடிஷன்தான், அதனால டிஸ்க் வழி இப்போதைக்கு அடைப்பு. எம்எம்ஓ பற்றி யாராவது சொல்லுங்களேன். ஈவில் கேரக்டரை விற்கலாம்னு எங்கேயோ படித்தேன், உண்மையா?

வேல்விழி_ஹீலர்:

உண்மைதான் தம்பி, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி ரூபாய்க்கு இல்லை. ஈவ் ஆன்லைனில் கேரக்டர் பஜார் என்று அதிகாரப்பூர்வ மன்றப் பகுதியே இருக்கிறது. அங்கே கேரக்டரை ஐஎஸ்கே-வுக்கு, அதாவது கேமுக்குள் இருக்கும் காசுக்கு மட்டும் விற்கலாம். இடம் மாற்றத் தனிக் கட்டணமும் உண்டு. டிபியா என்ற பழைய ஜெர்மன் கேமிலும் 2020 முதல் இதே போல் ஏலம் நடக்கிறது, அங்கே டிபியா காயினில். இந்த இரண்டிலும் மதிப்பு கேமுக்குள்ளேயே சுற்றும். ஃபைனல் ஃபேன்டஸி 14, வார்கிராஃப்ட், ரூன்ஸ்கேப் எதிலும் கேரக்டரையோ அக்கவுண்டையோ விற்க அனுமதி இல்லை.

எம்எம்ஓ-வில் விற்றுக் காசு எடுக்கலாம் என்ற நினைப்பை முதலிலேயே விட்டுவிடச் சொல்வேன். பதிலாக, உள்ளே ஆடிச் சேர்த்த தங்கத்தை வைத்து மாதச் சந்தாவைக் கட்டும் வழிகள் உள்ளன, அவை முழுக்கச் சட்டப்படியானவை. வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கன்: ஒருவர் பணம் கொடுத்து வாங்கி ஏலத்தில் போடுவார், நீங்கள் தங்கம் கொடுத்து வாங்கினால் 30 நாள் ஆட்டம். ரூன்ஸ்கேப்பில் பாண்டு: ஓல்டு ஸ்கூலில் ஒன்றுக்கு 14 நாள். ஈவில் பிளெக்ஸ் என்ற பொருள் 500 கொடுத்தால் 30 நாள் ஒமேகா, அதாவது கட்டணச் சந்தா. கில்டு வார்ஸ் 2-வில் மாதச் சந்தாவே இல்லை, தங்கத்தை ஜெம் என்ற நாணயமாக மாற்றி கேமின் கடையில் வாங்கலாம். ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் மட்டும் இப்படி எதுவும் கிடையாது. மாதா மாதம் கைக்காசுதான்.

ஆனால் புதிதாக வருபவர் டோக்கனுக்காகத் தங்கம் சேர்க்கத் தொடங்கினால் கேம் இரண்டாவது வேலையாகிவிடும். பெங்களூர் டிராஃபிக்கில் வந்து உட்கார்ந்து, தினமும் மூலிகை பறிக்கவா வந்தீர்கள்? முதல் ஆறு மாதம் காசு கட்டியே ஆடுங்கள்.

வெளியாள் விற்கும் தங்கத்தை வாங்கவே வேண்டாம். பெரும்பாலும் அது பாட் (bot) எனும் தானாக ஆடும் நிரல்களும் திருடப்பட்ட அக்கவுண்டுகளும் சேர்த்தது. அதைக் கண்டுபிடித்தால் தங்கத்தையும் எடுத்துக்கொண்டு, வாங்கியவருக்கும் தடை போடுவார்கள். பணத்துக்குப் பொருள் விற்பதை நிறுவனமே முறைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு டயாப்லோ 3 சாட்சி. 2012-ல் உண்மைப் பண ஏலக்கூடம் திறந்தார்கள். அரக்கனைக் கொன்று பொருள் தேடுவதை விடக் கடையில் வாங்குவது சுலபமானதும் ஆட்டத்தின் உயிரே போயிற்று. 2014 மார்ச் 18-ல் மூடினார்கள்.

இப்போது பிங், அதாவது சர்வருக்குச் சமிக்ஞை போய் வரும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வர, ஆயிரம் கிலோமீட்டருக்கு 10 மில்லிநொடி. பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 3,200 கிலோமீட்டர், ஆக 32-க்குக் கீழே பிங் வரவே முடியாது. டோக்கியோ சுமார் 6,700, ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 7,400. கேபிள் நேர்க்கோட்டில் போகாது, ஆகவே இந்த எண்ணைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் 130 முதல் 170 வரை என்று மனதைத் தயார் செய்யுங்கள். விபிஎன் விற்பவர்கள் இதைப் பாதியாக்குவதாகச் சொன்னால் இயற்பியல் இடம் கொடுக்காது. வழி தவறிச் சுற்றும் இணைப்பை நேராக்கினால் மட்டும் கொஞ்சம் குறையும்.

அந்த எண் எந்த கேமில் வலிக்கும்? ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் உலகமே 0.6 நொடிக்கு ஒரு முறைதான் நகரும், ஈவில் 1 நொடிக்கு ஒரு முறை. 200 பிங் இருந்தாலும் பெரும்பாலான வேலைகளில் தெரியாது. வார்கிராஃப்டில் அடுத்த மந்திரத்தை 400 மில்லிநொடி முன்கூட்டியே அழுத்தி வரிசையில் போடலாம், ஆகவே 150 பிங்கில் ரெய்டு (பலர் குழுவாகச் செய்யும் பெரிய சண்டை) செய்யலாம். எதிரியின் மந்திரத்தை இடைமறிப்பதில்தான் தாமதம் தெரியும். ஃபைனல் ஃபேன்டஸி 14 தான் வில்லங்கம். அங்கே ஒவ்வொரு உடனடித் திறனுக்குப் பிறகும் ஏறக்குறைய 0.6 நொடி பூட்டு, அதோடு உங்கள் பிங்கும் சேரும். சாதாரணச் சுற்று 2.5 நொடி. ஒரு முதன்மைத் திறன், நடுவில் இரண்டு துணைத் திறன் என்றால் மூன்று பூட்டு: 3 × (0.6 + 0.15) = 2.25. சமாளிக்கலாம். ஆனால் மெஷினிஸ்ட் என்ற கேரக்டர் வகையின் ஹைப்பர்சார்ஜ் நிலையில் சுற்று 1.5 நொடி, பூட்டு இரண்டு: 2 × (0.6 + 0.15) = 1.5. துளி இடம் இல்லை. பிங் 20 ஏறினால் ஒவ்வொரு சுற்றும் பின்தள்ளும். ஆகவே இங்கிருந்து ஆடுபவர் வைட் மேஜ், சம்மனர் மாதிரி நிதானமான கேரக்டர் வகையை எடுத்தால் மனம் நோகாது.

சராசரி பிங்கை விட அது ஏறி இறங்குவதுதான் கெடுதல். ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வின்எம்டிஆர் என்ற இணைப்புச் சோதனைக் கருவியைப் போட்டு ஒரு இருநூறு பாக்கெட்டாவது அனுப்பிப் பாருங்கள். முதல் வரியிலேயே, அதாவது உங்கள் ரௌட்டரிலேயே இழப்பு தெரிந்தால் வைஃபைதான் காரணம்: லேன் கேபிள் போடுங்கள். இரண்டாம், மூன்றாம் வரியில் தொடங்கி கடைசி வரை இழப்பு நீடித்தால் பிராட்பேண்ட் நிறுவனம். நடுவில் ஒரே ஒரு வரியில் மட்டும் இழப்பு தெரிந்து அதற்குப் பின் சரியாக இருந்தால் கவலை வேண்டாம், அந்தக் கருவி சோதனைப் பாக்கெட்டுக்குப் பதில் சொல்வதைக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய சர்வருக்கு ஒரு நாள் திடீரென்று 100 கூடினால் செங்கடல் கேபிள் செய்தியைப் பாருங்கள். 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே கேபிள் அறுந்தபோது அப்படித்தான் ஆனது.

எட்டு மணிக்கு வீடு வருகிறவருக்குப் பிங்கை விடக் கடிகாரம் முக்கியம். ஜப்பான் சர்வரில் அவர்களுடைய ராத்திரி 9 மணி ரெய்டு நமக்கு மாலை 5:30. சிங்கப்பூர் 9 மணி நமக்கு 6:30. இரண்டிலும் நீங்கள் இருக்கவே முடியாது. ஐரோப்பாவில் ராத்திரி 8 மணி, கோடையில் நமக்கு 11:30, குளிர்காலத்தில் 12:30. தனியாக ஆடுவதற்கு ஆசிய சர்வர், வாரக் கடைசியில் மட்டும் ரெய்டு என்றால் ஐரோப்பா. ஈவ் தினமும் நம் நேரம் மாலை 4:30-க்கு மூடித் திறக்கும், அது உங்களைப் பாதிக்காது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ன் தினசரி ரூலெட் (குலுக்கலில் அமையும் சண்டைக்கான தினப் பரிசு) நம் நேரம் ராத்திரி 8:30-க்குப் புதுப்பிக்கும். நீங்கள் சாப்பிட்டு உட்காரும்போது சரியாக இருக்கும்.

வாங்கும் முன் இரண்டு பூட்டு. ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐ ஸ்டீமில் வாங்கினால் எல்லா எக்ஸ்பேன்ஷனையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும்; ஸ்கொயர் எனிக்ஸ் கடையில் மலிவாக வந்தாலும் ஒட்டாது. பிளேஸ்டேஷனுக்கு மறுபடி தனி உரிமம். இலவச சோதனையில் நாள் கணக்கு இல்லை, அதிலேயே மாதக்கணக்கில் ஆடலாம், ஆனால் ஒரு முறை முழு கேமுக்கு மாறிய அக்கவுண்ட் திரும்பிப் போகாது. அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். வார்கிராஃப்டில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆட்ட நேரம் தனித்தனி. எந்தப் பக்கம் என்று முடிவு செய்த பிறகே ஆட்ட நேரக் கோடு (code) வாங்குங்கள்.

நந்திமலை:

வேல்விழி அக்கா எழுதியதற்குப் பிறகு எம்எம்ஓ பற்றிச் சேர்க்க ஒன்றுமில்லை. மறுவிற்பனை பற்றி ஒரு மாற்றுக் கருத்து.

டிஜிட்டல் மறுவிற்பனையை முழுதாகத் திறந்தால் யாருக்கு அடி என்று பாருங்கள். டிஸ்க் தேயும், கடைக்குப் போக வேண்டும், ஆள் தேட வேண்டும்; இந்தச் சிரமங்கள்தான் பழைய டிஸ்க்கையும் புதியதையும் பிரித்து வைத்திருந்தன. டிஜிட்டல் பிரதி தேயாது. வெளியான மூன்றாம் நாளே முடித்தவர் ஒரு சொடுக்கில் விற்கலாம், வாங்குபவருக்குப் புதியதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. டாம் கேபினட் தீர்ப்பிலும் இந்த வாதம்தான் இருந்தது. எட்டு மணி நேரத்தில் முடியும் கதை கேம் செய்யும் நான்கு பேர் கொண்ட குழுதான் முதலில் விழும். மாதச் சந்தா எம்எம்ஓ-வுக்கும் ஸ்கின் விற்கும் கேமுக்கும் எந்தச் சேதமும் இல்லை, ஏனென்றால் அங்கே விற்க எதுவும் இல்லை. விளைவு, எல்லோரும் அந்தப் பக்கமே ஓடுவார்கள். நாம் விரும்பும் வகை கேம்தான் குறையும்.

கோரமங்கலா_குமரன்:

நந்திமலை, அந்தக் கவலையை மதிக்கிறேன், ஆனால் முழுத் தடைதான் ஒரே பதில் என்பதை ஏற்கவில்லை. 2018-ல் அறிவித்த ரோபோட் கேஷ் என்ற கேம் கடைத் திட்டத்தில் மறுவிற்பனைப் பணத்தில் 70 சதவீதம் வெளியீட்டாளருக்கு, 25 சதவீதம் விற்பவருக்கு, 5 சதவீதம் தளத்துக்கு. பழைய டிஸ்க்கில் உருவாக்கியவருக்கு ஒரு பைசா போவதில்லை, இங்கே பெரும்பங்கே போகிறது. வெளியாகி 90 நாள் வரை மறுவிற்பனை இல்லை என்று ஒரு தடுப்பும் போடலாம். பெரிய கடைகள் எதுவும் இதைக் கையில் எடுக்காததற்குக் காரணம் சின்னக் குழுக்கள் மீதான பரிவு என்று எனக்குத் தோன்றவில்லை.

2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்கையே அக்கவுண்டோடு கட்டப் பார்த்தது. ஆடுபவர்கள் எதிர்த்ததும் அந்த ஜூன் மாதமே பின்வாங்கினார்கள். ஒரு முறை வாய் திறந்ததால்தான் டிஸ்க்_மட்டும் இன்று டிஸ்க் விற்கிறார்.

மறுவிற்பனையை விட அவசரமான விஷயம், விற்ற கேமைப் பிடுங்குவது. தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தினார்கள். தனியாக ஆடும் பகுதியும் சேர்ந்து செத்தது, வாங்கியவர்களின் உரிமமும் போனது. ராஸ் ஸ்காட் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் அதிலிருந்து பிறந்ததுதான். 2025 ஜூலையில் அவர்களுடைய ஐரோப்பிய மனு பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

நந்திமலை:

இதில் உங்களோடு முழு உடன்பாடு. எம்எம்ஓ-வுக்கும் இது பொருந்தும். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் நடத்திய ஹோம்கமிங் சர்வருக்கு 2024 ஜனவரியில் அந்த கேமின் உரிமையாளரான என்சிசாஃப்ட் முறையான உரிமமே கொடுத்தது. மனம் இருந்தால் வழி இருக்கிறது என்று நிரூபணம் ஆகிவிட்டது. மூடும்போது சர்வர் மென்பொருளை வெளியிடுவது பெரிய கேமுக்குச் சிரமம்தான்: பணம் கட்டும் பகுதி, வெளியாளிடம் உரிமம் வாங்கிய பகுதி எல்லாம் பின்னிக் கிடக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே திட்டமிட்டால் பிரிக்கலாம்.

எழில், ஒரு நடைமுறை விஷயம்: சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கிறார்கள், அடுத்த எக்ஸ்பேன்ஷன் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அந்த கேமுக்கு ஆறு மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

எஜிபுரா_எழில்:

ரொம்ப நன்றி. முடிவு: ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பும், ஃபைனல் ஃபேன்டஸி 14 இலவச சோதனையில் வைட் மேஜும். கடைசியா ரெண்டு சந்தேகம். கார்டில் மாதச் சந்தா தானாகப் போக மாட்டேங்குது என்று பலர் சொல்றாங்க. அப்புறம், 2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தில் சந்தா கட்டும் கேமும் மாட்டுமா?

வேல்விழி_ஹீலர்:

சட்டத்தால் உங்களுக்குப் பயமில்லை தம்பி. அது தடை செய்வது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டத்தை. பந்தயமாக இல்லாத சந்தாவுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது.

கார்டு விஷயம் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதியால். 2021 அக்டோபர் 1 முதல் தானாகக் கழியும் பணத்துக்கு முதலில் ஒரு முறை ஓடிபி-யோடு பதிவு வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் சொல்ல வேண்டும். வெளிநாட்டு கேம் நிறுவனங்களில் பல இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை, அதனால் முதல் மாதம் போகும், இரண்டாம் மாதம் நிற்கும். சந்தாவுக்குப் பதில் கால அளவுள்ள ஆட்ட நேரத்தை வாங்குங்கள். ஸ்டீம் வழியாக ஆடும் கேம் என்றால் வாலட்டில் யுபிஐ மூலம் தேவையான தொகையை மட்டும் போட்டு அதிலிருந்து கட்டலாம். நேரடியாகக் கார்டில் கட்டினால் வங்கி ஆப்பில் "சர்வதேசப் பரிவர்த்தனை" திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வரம்பை 2,000 ரூபாய் மாதிரி குறைவாக வைத்து, கட்டியதும் அணைத்துவிடுங்கள். ரூன்ஸ்கேப்பில் முதல் மாதம் இலவச உலகிலேயே ஆடுங்கள்; மெம்பர்ஷிப் வாங்கும் முன் ஆத்தென்டிகேட்டரும் பேங்க் பின்னும் போட்டுவிடுங்கள், அங்கே அக்கவுண்ட் திருட்டு அதிகம்.